ஜெர்மனியில் தற்காலிக அனுமதியிலிருந்து நிரந்தர வசிப்புரிமை வரை

ஒரு நாட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவர், அங்கே கால வரம்பின்றி வாழவும் வேலை செய்யவும் பெறும் உரிமை நிரந்தர வசிப்புரிமை எனப்படும். இது குடியுரிமை அல்ல. கடவுச்சீட்டு பழைய நாட்டினுடையதாகவே இருக்கும். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் அலுவலக வாசலில் நின்று அனுமதியை நீட்டிக்கும் தேவை இதனுடன் முடிந்துவிடும். ஜெர்மனியில் இன்று இவ்வுரிமைக்கான நிபந்தனைகள் சட்டத்தில் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. இந்த நிலை உருவாக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. 'நாங்கள் குடியேற்ற நாடு அல்ல' என்பதே அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மேற்கு ஜெர்மன் அரசுகளின் அறிவிக்கப்பட்ட கொள்கையாக இருந்தது.

விருந்தினர் தொழிலாளர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் விரைவாக வளர்ந்தன. ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1955 டிசம்பரில் இத்தாலியுடன் முதல் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1960இல் ஸ்பெயின், கிரேக்கம், 1961இல் துருக்கி, 1964இல் போர்ச்சுகல், 1968இல் யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளுடன் ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. இவ்வாறு வந்தவர்கள் 'காஸ்ட்டார்பைட்டர்', அதாவது விருந்தினர் தொழிலாளர், என அழைக்கப்பட்டனர். விருந்தினர் என்றால் ஒருநாள் புறப்பட்டுச் செல்ல வேண்டியவர் என்பதே அச்சொல்லில் அடங்கியிருந்த எதிர்பார்ப்பு.

இதற்கு அடிப்படையாக இருந்தது சுழற்சி முறை. ஒருவர் ஓரிரு ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்புவார், அவரிடத்துக்கு இன்னொருவர் வருவார் என்பதே திட்டம். துருக்கியுடனான முதல் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு உச்ச வரம்பு எழுத்திலேயே இருந்தது. பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மீண்டும் பயிற்சி கொடுப்பது முதலாளிகளுக்குச் செலவாக இருந்தது. அவர்கள் கொடுத்த அழுத்தத்தால் 1964இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கொலோன் நகரின் டொய்ட்ஸ் ரயில் நிலையத்தில் பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி வரவேற்கப்பட்டார். போர்ச்சுகலைச் சேர்ந்த அர்மாண்டோ ரோட்ரிகஸ் என்ற அவருக்கு ஒரு மொபெட் பரிசளிக்கப்பட்டது. 1955க்கும் 1973க்கும் இடையில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வந்தனர் என்றும், அவர்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பினர் என்றும் மதிப்பிடப்படுகிறது. எனவே சுழற்சி முறை முற்றிலும் பொய்த்துவிடவில்லை. மிஞ்சிய முப்பது லட்சம் பேருக்கு என்ன வழி என்பதற்கே அதில் விடை இல்லை.

1965ஆம் ஆண்டின் சட்டம்

1938இல் நாஜி ஆட்சியில் பிறப்பிக்கப்பட்ட வெளிநாட்டவர் காவல் ஆணை, போருக்குப் பின்னும் 1965 வரை நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1965ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், அனுமதி வழங்குவதை அதிகாரிகளின் விருப்புரிமைக்கு விட்டது. ஒருவரின் இருப்பு நாட்டின் நலனைப் பாதிக்காவிட்டால் அனுமதி 'வழங்கலாம்' என்றது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வலுவான வசிப்புரிமை பெறவும் ஒரு பிரிவு இருந்தது. நடைமுறையில் அது மிகச் சிலருக்கே கிடைத்தது.

வேலை அனுமதியைத் தொழில் அலுவலகமும் வசிப்பு அனுமதியை வெளிநாட்டவர் அலுவலகமும் தனித்தனியே வழங்கின. தொடக்கத்தில் வேலை அனுமதி பெரும்பாலும் ஓராண்டுக்கும் ஒரே நிறுவனத்துக்கும் உரியதாக இருந்தது. வேலை போனால் வசிப்பும் ஆட்டம் கண்டது. இதனால் மேற்பார்வையாளருடன் முரண்படவும், மோசமான விடுதி அறை குறித்து முறையிடவும் பலர் தயங்கினர். 1971இல் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு எந்த நிறுவனத்தையும் சாராத வேலை அனுமதி கிடைக்க வழி செய்யப்பட்டது. முதலாளியின் பிடி அப்போதுதான் சற்றுத் தளர்ந்தது.

ஆள்சேர்ப்பு நிறுத்தமும் எதிர்விளைவும்

எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், 1973 நவம்பர் 23 அன்று, அரசு வெளிநாட்டு ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அப்போது சுமார் 26 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர் பணியில் இருந்தனர். புதியவர் வரவு நின்றால் பழையவர்களும் படிப்படியாகக் குறைவார்கள் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. அதுவரை ஊருக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டு மறுபடி வர முடிந்தது. இனி ஒருமுறை போனால் திரும்ப முடியாது என்றானதும், துருக்கி, யூகோஸ்லாவியா போன்ற நாடுகளின் தொழிலாளர் பலர் போவதையே நிறுத்தினர். மனைவி மக்களை அழைத்துக்கொண்டனர். கதவைச் சாத்தியதே உள்ளே இருந்தவர்களை நிலைக்கச் செய்தது.

1983இல் அரசு இன்னொரு வழியை முயன்றது. வேலையிழந்த வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பத்துடன் நிரந்தரமாகத் திரும்பினால் 10,500 மார்க்கும், குழந்தை ஒன்றுக்கு 1,500 மார்க்கும் தருவதாகச் சட்டம் இயற்றியது. சிலர் பெற்றுக்கொண்டு சென்றனர். பெரும்பான்மையோர் தங்கினர், பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தனர்.

ஓர் இந்தியரின் வழக்கு

நிரந்தர உரிமைக்கான பாதையில் முக்கியத் திருப்பம் 1978இல் ஏற்பட்டது. அதற்குக் காரணமானவர் ஓர் இந்தியக் குடிமகன். 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனிக்கு வந்த அவர், பின்னர் அங்கேயே வேலை பார்த்தார். அவரது அனுமதி பல ஆண்டுகள் வழக்கம்போல் நீட்டிக்கப்பட்டு வந்தது. பின்பு ஒருமுறை நீட்டிக்க மறுத்தனர். அவர் மீது குற்றம் எதுவும் இல்லை. நீண்ட காலம் தங்கிவிட்டதால் அவர் இங்கேயே வேரூன்றிவிடுவார் என்பதும், ஜெர்மனி குடியேற்ற நாடு அல்ல என்பதுமே வாதமாக இருந்தன.

வழக்கு கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. மீண்டும் மீண்டும் எந்த மறுப்பும் இன்றி அனுமதியை நீட்டித்த அரசு, அதனால் அம்மனிதரின் மனத்தில் நியாயமான நம்பிக்கையை உருவாக்கிவிட்டது. அந்த நம்பிக்கையைக் காப்பது சட்ட ஆட்சியின் கடமை என்று 1978 செப்டம்பரில் நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு நீட்டிப்பும் தனித்தனித் தாள் அல்ல, சேர்ந்து பார்த்தால் ஒரு வாக்குறுதிக்குச் சமம் என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நிர்வாக விதிகள், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் காலவரையற்ற அனுமதிக்கும், எட்டு ஆண்டுகளுக்குப் பின் வலுவான வசிப்புரிமைக்கும் படிநிலைகளை வகுத்தன. 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வெளிநாட்டவர் சட்டத்தில் இப்படிநிலைகள் சட்ட உரிமையாக உயர்ந்தன. நிபந்தனைகளை நிறைவேற்றியவர், அதிகாரியின் தயவை நாடாமல் உரிமையாகவே கேட்கும் நிலை வந்தது.

கிழக்கு ஜெர்மனியின் ஒப்பந்தத் தொழிலாளர்

கிழக்கு ஜெர்மனியும் வியட்நாம், மொசாம்பிக், கியூபா முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளரை வரவழைத்தது. தனி விடுதி, கால வரம்புள்ள ஒப்பந்தம், முடிந்ததும் திரும்புதல் என்று சுழற்சி முறை அங்கே கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. கருவுற்ற பெண்கள் கருக்கலைப்புக்கும் நாடு திரும்புவதற்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையும் இருந்தது. 1989இல் ஏறத்தாழ 60,000 வியட்நாமியர் அங்கே இருந்தனர். அடுத்த ஆண்டு அந்த நாடே இல்லாமற்போனது. ஒப்பந்தம் செய்த அரசும் மறைந்தது, பல தொழிற்சாலைகளும் மூடின. எஞ்சியவர்களுக்கு 1993இல்தான் தங்கும் உரிமை வகுக்கப்பட்டது. கிழக்கில் உழைத்த ஆண்டுகள் நிரந்தர உரிமைக்கான கணக்கில் முழுமையாகச் சேர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் அகதிகளும் 'டுல்டுங்' தாளும்

1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் ஜெர்மனிக்கு வந்தனர். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குச் செல்வது அப்போது பரவலான வழியாக இருந்தது. நகரின் நடுவே ஓடிய எல்லையை மேற்குத் தரப்பு சர்வதேச எல்லையாக ஏற்காததால், அங்கே மேற்கு அதிகாரிகளின் முறையான குடிவரவுச் சோதனை இல்லை. 1985இல் மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலால், விசா இல்லாத தமிழருக்கு இவ்வழியைக் கிழக்கு ஜெர்மனி அடைத்தது.

வந்தவர்களில் பலருக்கு அரசியல் தஞ்சம் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போரின் ஆபத்து வேறு, தனிமனிதர் மீதான அரசியல் துன்புறுத்தல் வேறு என்று பல நீதிமன்றங்கள் கருதின. தமிழர் தொடுத்த வழக்குகளில் 1989 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, துன்புறுத்தல் என்றால் என்ன, சொந்த நாட்டுக்குள்ளேயே வேறிடத்தில் பாதுகாப்புக் கிடைக்குமா என்பவற்றுக்கு அளவுகோல் வகுத்தது. ஜெர்மன் தஞ்சச் சட்டத்தில் அது இன்றும் அடிப்படைத் தீர்ப்பாக மேற்கோள் காட்டப்படுகிறது.

தஞ்சம் மறுக்கப்பட்டும் திருப்பி அனுப்பப்படாதவர்களுக்குக் கிடைத்தது 'டுல்டுங்'. பொறுத்துக்கொள்ளல் என்பது அச்சொல்லின் பொருள். அது வசிப்பு அனுமதி அல்ல. நாடுகடத்தல் தள்ளிவைக்கப்பட்டுள்ளது என்று கூறும் தாள் மட்டுமே. சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். தஞ்சம் கோரியவர்கள் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே செல்ல அப்போது முடியவில்லை. வேலை செய்யவும் பல ஆண்டுத் தடை இருந்தது. இந்த நிச்சயமின்மையின் அளவை 1986 ஆகஸ்ட் காட்டியது. கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர், மேற்கு ஜெர்மனியிலிருந்தே கப்பலேறியவர்கள். கனடா அவர்களுக்கு உடனடியாக ஓராண்டுத் தங்கல் அனுமதி அளித்தது.

ஜெர்மனியில் தங்கியவர்களுக்கு விடிவு மெதுவாகவே வந்தது. 1996லும் 1999லும் மாநில உள்துறை அமைச்சர்களின் மாநாடு, குறித்த தேதிக்கு முன் வந்து சொந்த உழைப்பில் வாழும் குடும்பங்களுக்கு வசிப்பு அனுமதி வழங்க முடிவெடுத்தது. ஆனால் தேதி வரம்புக்குச் சில வாரங்கள் பின்னர் வந்தவர் வெளியே நின்றார். வேலை செய்யத் தடை விதித்துவிட்டு, வேலை இருக்கிறதா என்று கேட்பதில் இருந்த முரணையும் பலர் சுட்டிக்காட்டினர்.

2005க்குப் பின்

2000 ஆகஸ்டில் கணினித் துறையினருக்காக 'கிரீன் கார்டு' திட்டம் தொடங்கியது. இந்தியப் பொறியாளர்களை எதிர்பார்த்த அத்திட்டமும் ஐந்து ஆண்டு வரம்புடனேயே வந்தது. விருந்தினர் தொழிலாளர் காலத்தின் சிந்தனை இன்னும் மறையவில்லை. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம்தான் முதன்முறையாக ஜெர்மனியைக் குடியேற்ற நாடாக ஏற்கும் வகையில் அமைந்தது. சிதறிக் கிடந்த பலவகை அனுமதிகள், கால வரம்புள்ளது, கால வரம்பற்றது என்ற இரண்டு முதன்மை வகைகளாகச் சுருங்கின. இரண்டாவது 'நீடர்லாசுங்ஸ்எர்லாப்னிஸ்', அதாவது நிலைகொள்ளும் அனுமதி. பொதுவாக ஐந்து ஆண்டு வசிப்பு, 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு, சொந்த வருமானம், போதிய வீட்டிடம், ஜெர்மன் மொழியறிவு ஆகியவை இதற்குத் தேவை. 2012இல் வந்த 'நீல அட்டை' பெற்ற உயர்கல்விப் பணியாளருக்கு இக்காலம் இன்னும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பொறியாளர் பலர் இவ்வழியே நிரந்தர உரிமை பெறுகின்றனர்.

டுல்டுங் சிக்கல் முடிந்துவிடவில்லை. 2022இல் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்கு மேலாக அந்தத் தாளுடனேயே வாழ்ந்துவந்தனர். அவர்களுக்காக அந்த ஆண்டின் கடைசி நாளில் 'வாய்ப்பு வசிப்புரிமை' நடைமுறைக்கு வந்தது. 18 மாதம் செல்லும் அந்த அனுமதிக்குள் வேலை, மொழி, அடையாள ஆவணம் ஆகியவற்றைச் சரிசெய்து அடுத்த படிக்கு ஏற வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் முதலில் வேரூன்றினர். சட்டம் பின்னர் அதை ஒப்புக்கொண்டது. சுரங்கத் தொழிலாளி, ஒப்பந்தப் பெண் தொழிலாளி, தமிழ் அகதி ஆகிய மூவருக்கும் தற்காலிகம் என்று எழுதிக்கொடுக்கப்பட்ட காலம் பத்து, பதினைந்து ஆண்டுகளாக நீண்டதுண்டு. அந்த இடைவெளியின் விலையை, வாங்கத் தயங்கிய வீடு, தொடங்காத தொழில், பாதியில் நின்ற படிப்பு என்று அவர்களே செலுத்தினர். விருந்தினர் தொழிலாளராக வந்தவர்களின் தலைமுறைக்கு, எழுத்துத் தேர்வின்றிப் பேச்சு மொழி அறிவை மட்டும் கொண்டு குடியுரிமை பெற 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம் வழி செய்தது. இத்தாலிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 68 ஆண்டுகள் கடந்திருந்தன.