கழற்றி மாட்டப் பிறந்த கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு கொக்கி. இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முகமே முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பார்க்கலாம். பழைய ஹெரால்டைப் புதுப்பிக்க இறங்குபவரைப் பாடாய்ப் படுத்துவதும் அதே பானெட்தான். அது அந்த வடிவில் பிறந்த கதை, எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் கைவிரித்ததில் தொடங்குகிறது.

பர்மிங்காமின் ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் கார் கம்பெனிகளுக்கு பாடி செய்து கொடுத்துவந்தது. கவன்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் அதை நம்பித்தான் இருந்தது. 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டின் அடுத்த புதிய காருக்கு பாடி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் இல்லை.

தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் குழுவினர் கண்ட வழி எளிமையானது. தனி சேசிஸ் ஒன்று. அதன் மேல் சின்னச் சின்ன துண்டுகளாக பாடி. ஆளுக்கொரு துண்டை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், நாம் போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளலாம். டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். பானெட் தனி, கூரை தனி, பின்பகுதி தனி. கதவுக்குக் கீழே ஓடும் சில்கூட போல்ட்டில் நிற்கிறது. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஸ்டாண்டர்டு கம்பெனியின் கையிலிருந்த டிரையம்ஃப் பெயரில், டிரையம்ஃப் ஹெரால்டாக அது அறிமுகமானது. மற்றவர்கள் தனி சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

வேறு வழியில்லாமல் செய்தது பிறகு வரமானது. கூரையைக் கழற்றினால் திறந்த கார். பின்பக்கத்தை மாற்றினால் எஸ்டேட், வேன். சேசிஸைக் குறுக்கியதில் 1962-ல் ஸ்பிட்ஃபயர் வந்தது. அதே ஆண்டு வந்த விடெஸ்ஸுக்கு நான்கு விளக்குகள் கொண்ட சாய்ந்த முகம். 1967-ன் ஹெரால்டு 13/60 அந்த விடெஸ் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டது. இவற்றை எல்லாம்விட எனக்குப் பிடித்தது பெட்டிப் பயணம்தான். துண்டுகளாக அடுக்கி அனுப்பினால், ராட்சத பிரஸ் இல்லாத நாட்டிலும் கார் பூட்டலாம்.

சென்னைக்கு அது வந்தது 1961-ல். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அப்போதே பல ஆண்டுகளாக ஸ்டாண்டர்டு கார்களைச் செய்துவந்தது. இங்கே டிரையம்ஃப் பெயர் எடுபடாது. அதனால் ஹெரால்டு ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆனது. இங்கிலாந்தில் 1963-லேயே மறைந்த ‘ஸ்டாண்டர்டு’ பெயர், வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூரில் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தது. இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதவில்லை என்று, 1960-களின் பிற்பகுதியில் இங்கேயே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். பிரிட்டனில் அப்படியொரு ஹெரால்டு விற்கப்பட்டதே இல்லை. பிறகு அதன் வழியில் கெஸல் வந்தது.

அடுத்த திருப்பம் 1988. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய டைகளைத் தேடிப் பிடித்து எம்.ஜி.பி. காருக்குப் புது பாடியே செய்து விற்கத் தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில்தான் பெருங்களத்தூரில் உற்பத்தி நின்றது. அங்கே கடைசியாக உருவான ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1-ன் இந்திய வடிவம். தேங்கிக் கிடந்த அதன் பாகங்களை லிங்கன்ஷயரின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கி, கப்பலேற்றிப் போய் இங்கிலாந்து ரோவர்காரர்களுக்கு விற்றார்கள். கவன்ட்ரியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வழியிலேயே பாகங்கள் திரும்பிப் போயின!

நம்மூர் ஹெரால்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. கம்பெனியின் ‘ஸ்டான்பார்ட்’ உதிரிபாக முத்திரையோடு பிரிட்டனிலிருந்து கதவு தருவித்தாலும் நான்கு கதவு வண்டியில் அது உட்காராது. இங்கே முன்கதவின் நீளமே குறைவு. ஆகவே சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலசுவார்கள், இல்லையென்றால் இன்னொரு ஹெரால்டை வாங்கிப் பிரிப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் டிங்கர் தகட்டை வளைத்து, தட்டி, பழைய கதவைப் பார்த்துப் புதுக் கதவு செய்வார். துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கே தகடு, எங்கே பட்டி என்று தெரிந்துவிடும்.

இந்தக் காரில் தவறான பானெட்டும் போல்ட்டில் சுலபமாக உட்கார்ந்துவிடும் என்பதுதான் பெரிய கண்ணி. கூடாகச் செய்த காரில் பொருந்தாத தகடு வெல்டிங் நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும். ஹெரால்டில் 1961-ன் உடம்பில் 1967-ன் முகம் பல்லிளிக்காமல் நிற்கும். அதனால் வாங்கும் முன் ஹெட்லைட் வளையம், கிரில் திறப்பு, ஓரத்து வளைவு மூன்றையும் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். பூட்டிய பிறகு பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் வைத்து, முன் கீலை இம்மி இம்மியாக நகர்த்தி, கதவோரக் கோடு நேராகும்வரை சரிசெய்ய வேண்டும். நாள் முழுக்கப் போகும். பெயின்ட் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.