முத்துக்குப் பத்துச் சல்லடை

கொற்கை முத்தைப் புகழாத பழம்பாட்டு அரிது. மதுரைக்காஞ்சி புகழ்கிறது, அகநானூறு புகழ்கிறது, கடல் கடந்து வந்த யவன வியாபாரியும் புகழ்ந்துதான் விலை பேசியிருப்பான். ஆனால் அந்த முத்தை எடுக்கக் கடலில் இறங்கினானே ஒருவன், அவன் எதைக் கட்டிக்கொண்டு இறங்கினான், அது அவன் உடம்புக்குப் பொருந்தியதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நான் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். இது வெறும் பழங்கதை அல்ல. கைத்தொலைபேசியில் விரலைத் தேய்த்து ஸ்கூபா சாமான்கள் வாங்குகிற இன்றைய பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி அவசியமாகத்தான் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து தாமிரவருணியோடு கிழக்கே போனால், ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் தாண்டிக் கொற்கைக்குப் போய்ச் சேரலாம். இன்று அது வயல்களுக்கும் வாழைகளுக்கும் நடுவே ஒரு சிற்றூர். கடலைக் காணோம், அது பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பொதிகையில் பிறந்த ஆறு, தான் வளர்த்த துறைமுகத்தைத் தானே வண்டலால் மூடிவிட்டது. கிரேக்கர்கள் ‘கொல்கை’ என்று குறித்த பட்டினம் இதுதான் என்று கால்டுவெல் பாதிரியார் 1881ல் வெளிவந்த தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதினார். 1968-69ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்து பார்த்தார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழி நூல், கொற்கையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. பாண்டியனுக்கு உட்பட்ட அந்த ஊரில், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்களாம். முத்துக் குளிப்பது எவ்வளவு அபாயமான தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. சிறைக்கைதியின் உபகரணம் அவனுக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்று எந்த அதிகாரி விசாரித்திருக்கப் போகிறார்?

பிற்காலத்தில் குளித்தவர்கள் கைதிகள் அல்ல. பரதவர்களும், காயல், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் பரம்பரையாகச் செய்த தொழில் அது. அவர்களுடைய உபகரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு வலைப்பை. கல் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். அதில் துளையிட்டுக் கயிறு கோத்து, கால் நுழைய ஒரு வளையமும் வைத்திருப்பார்கள். குளிப்பவன் அந்த வளையத்தில் காலை ஊன்றி, மூச்சை நிறைத்துக்கொண்டு, விரலால் மூக்கைப் பிடித்தபடி கடலடிக்கு இறங்குவான். அடியைத் தொட்டதும் காலை விடுவித்துக்கொள்வான். மேலே கயிறு பிடிப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். ஒரு நிமிஷத்துக்கு முன்பின்னாகச் சிப்பிகளை வாரிப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு கயிற்றை அவன் அசைத்தால், மேலே இருப்பவன் அவனையும் பையையும் தூக்கிவிடவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கல் இலேசாக இருந்தால் இறங்குவதிலேயே பாதி மூச்சுத் தீர்ந்துபோகும். மிஞ்சிய கனமாக இருந்தால், காது தாங்குவதற்குள் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். வளையம் இறுகினால் கடலடியில் கால் மாட்டிக்கொள்ளும். தளர்ந்தால் பாதி வழியில் நழுவும். ஆகவே கல்லும் கயிறும் ஆளுக்கு ஆள் பார்த்து அமையவேண்டியவை. அந்த அளவை எந்தக் கடைக்காரனும் சொல்லமுடியாது. குளிக்கிறவனுடைய காலும் காதும் நெஞ்சும்தான் சொல்லவேண்டும். கடலின் ஆழத்தையே நம் கடற்கரைக்காரர்கள் ‘பாகம்’ என்ற கணக்கில்தான் சொன்னார்கள். இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை எவ்வளவோ, அவ்வளவு ஒரு பாகம், சுமார் ஆறடி. கடலை அளப்பதற்கும் மனித உடம்பையே கோலாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

பாரசீக வளைகுடாவில் வேறு முறை. 14ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் வந்துபோன இபின் பதூதா, அந்தப் பக்கத்து முத்துக்குளிப்போர் ஆமையோட்டால் செய்த ஒரு மறைப்பை முகத்தில் அணிவதையும், மூக்கை ஒரு கவ்வியால் இடுக்கிக்கொள்வதையும் எழுதியிருக்கிறார். மூக்குக் கவ்வி சரியாகக் கவ்வாவிட்டால் தண்ணீர் ஏறும். அழுத்திக் கவ்வினால் வலி பொறுக்காது. அதையும் அவனவன் மூக்குக்கு ஏற்றபடிதான் செதுக்கியிருக்க வேண்டும்.

ஆட்சிகள் மாறின. பாண்டியருக்குப் பின் நாயக்கர், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர், 1658ல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். கல் மட்டும் மாறவில்லை. முத்துச் சலாபத்தில் உரிமையையும் வரியையும்கூடக் கல்லைக் கொண்டே கணக்கிட்டார்கள். இன்ன அரசருக்கு இத்தனை கல், இன்ன தலைவருக்கு இத்தனை கல் வரியின்றி இறங்கலாம் என்பது வழக்கம். கணக்கேட்டில் கல் இருந்தது. கல்லில் காலூன்றிய மனிதனுக்குப் பெயர் இல்லை. 1292 வாக்கில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்ததாகச் சொல்கிறார். சுறா கடிக்காமல் மந்திரம் ஓதிய அந்த மனிதருக்கு நம் கரையில் ‘கடல்கட்டி’ என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குப் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு பங்கில்தான் குளித்தவனும் கயிறு பிடித்தவனும் படகும் பிழைக்கவேண்டும்.

சிப்பி கரைக்கு வந்து, அழுகி, கழுவி, முத்து வெளிப்பட்டதும் காட்சியே வேறு. வியாபாரி பத்துப் பித்தளைச் சல்லடைகளை எடுத்து வைப்பார். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிச் சல்லடையில் 1000 துளை. துளை பெருகப் பெருக அதன் வாய் சிறுக்கும். முத்து எந்தச் சல்லடையில் நிற்கிறது என்பது முதல் அளவு. பின்பு உருட்சி, நிறம், ஒளி பார்த்து, ஆணி முதல் தூள் வரை வகை பிரிப்பார்கள். மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். மிளகளவு முத்துக்கு இத்தனை விசாரணை! அதை எடுத்துவந்த ஆறடி மனிதனை எந்தச் சல்லடையிலும் போட்டுப் பார்த்தவர் இல்லை. அவனுடைய காதுஜவ்வு கிழிந்ததா, மூக்கில் இரத்தம் வந்ததா என்பதற்கு மஞ்சாடிக் கணக்குக் கிடையாது.

மனிதனை அளந்த ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். சென்னை அரசாங்கக் காட்சிச்சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழிலைப் பற்றி 1890ல் ஒரு நூல் எழுதினார். பயனுள்ள நூல்தான். பிற்பாடு அதே மனிதர் அளவுகோலும் கையுமாகத் தென்னிந்தியா எங்கும் சுற்றி ஜாதி ஜாதியாக மூக்குகளை அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து, நூறால் பெருக்கி, ஒரு எண் எடுத்தார். 1909ல் வெளியான அவருடைய ஏழு பாகங்கள் கொண்ட ஜாதிகளைப் பற்றிய நூலில் அந்த எண்கள் அணிவகுத்து நிற்கின்றன. மூக்கை அளந்தது சரி; எதற்காக அளந்தார் என்பதே கேள்வி. இந்த மூக்குக்காரன் யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்று ஆராய அந்த அளவு உதவியது. அவன் தண்ணீருக்குள் சுகமாக மூச்சுப் பிடிக்க அது உதவவில்லை.

பிறகு ரப்பரும் இரும்பும் வந்தன. 1943ல் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் சேர்ந்து, அழுத்திய காற்றை வேண்டும்போது வேண்டும் அளவு வாய்க்குக் கொடுக்கும் கருவியைச் செய்தார்கள். கல்லும் கயிறுமாக இருந்த நம் கடலுக்கும் அது வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசி. அதற்குப் பின் பார்களில் சிப்பி பழையபடி விளையவில்லை. 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்ப நாயரும் கடலடியில் தாங்களே இறங்கிப் பார்த்தவற்றை ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதினார்கள். 1973ல் அதே நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். 1986ல் தூத்துக்குடி தனி ஜில்லாவாகப் பிரிந்துபோயிற்று.

இப்போது பாளையங்கோட்டையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி முழுச் சாமானையும் தருவித்துவிடலாம். என் மருமகப்பிள்ளை ஒருவன் தொலைபேசியைக் காட்டி, “மாமா, இதுல நான் மீடியமா, லார்ஜா?” என்று கேட்டான். சட்டைக்கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் தப்பினால் சட்டைதான் வீண். கடலில் அப்படி அல்ல. பெட்டியில் வருகிற சாமான் யாரோ ஒரு அந்நிய உடம்பை மனத்தில் வைத்துச் செய்தது. அதற்கு நம் உடம்பை ஒப்புக்கொடுக்காமல், பழைய குளிகாரனைப் போல நம் உடம்பைக் கொண்டு அதைச் சோதிக்கவேண்டும். அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் முகக்கண்ணாடி. மூக்கையும் உள்ளே அடக்கியதாக அது இருக்கவேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி முகத்தை உறிஞ்சும். மூக்கால் சிறிது காற்றை உள்ளே விட்டால்தான் அது சமப்படும். நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்குப் போகக்கூடாது என்பது இதனால்தான். பெட்டி வந்ததும், வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருத்தம். விழுந்தால், வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், திருப்பி அனுப்பிவிடவேண்டும். ஆகையால் திருப்பி எடுத்துக்கொள்ளாத கடையில் கண்ணாடி வாங்குவது சூதாட்டம். நம் பக்கத்து முறுக்கு மீசைக்கு ஒரு வார்த்தை: ரப்பர் ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவில் மயிர் புகுந்தால் தண்ணீரும் புகும்.

வெட்சூட் என்ற ரப்பர் உடைக்கு உயரமும் எடையும் மட்டும் போதாது. நெஞ்சு, இடுப்பு, பிட்டம், உள்கால் நீளம் எல்லாவற்றையும் வேறொருவரைக் கொண்டு நாடாவால் வெறும் உடம்பில் அளக்கவேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. தளர்ந்த உடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். இறுகிய உடை மூச்சைக் குறைக்கும். கழுத்தில் இறுகினால் மயக்கமே வரலாம். மன்னார் வளைகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பானது. மூன்று மில்லிமீட்டர் கனமே தாராளம்.

காலில் போடும் ஃபின்ஸுக்குச் செருப்பு நம்பரை நம்பவேண்டாம். பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது அமெரிக்கக் கணக்கில் 9, ஐரோப்பியக் கணக்கில் 42. பாதத்தைச் சாயங்காலம் அளந்து, சென்டிமீட்டரில் ஒப்பிடுவதே நல்லது. உள்ளே பூட்ஸ் போடுகிற ரகமானால் பூட்ஸோடுதான் போட்டுப் பார்க்கவேண்டும். உருளையைத் தாங்கும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதில் முழுக்கக் காற்றை நிரப்பிய பிறகும் நெஞ்சு நிறைய மூச்சு விடமுடிகிறதா என்று பாருங்கள். தோளைத் தூக்கிக்கொண்டு காதுவரை ஏறினால் அது உங்கள் சட்டை அல்ல.

கடைசியாக ஈயம். பழைய கல்லின் வாரிசு இதுதான். பாபநாசத்து ஆற்றுத் தண்ணீரைவிடத் தூத்துக்குடிக் கடல்நீர் சுமார் இரண்டரை சதவிகிதம் கனமானது. உடம்பும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், ஆற்றில் சரியாக இருந்த ஆள் கடலில் மிதப்பான். இன்னும் இரண்டரைக் கிலோ ஈயம் கட்டவேண்டும். இதை எந்த அளவு அட்டவணையும் வீட்டுக்கு வந்து சொல்லாது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்க, இடுப்பளவு தண்ணீரில் தொடங்கித் தானே கண்டுபிடிக்க வேண்டியது. அந்தப் பயிற்சி இல்லாமல், எவ்வளவு பொருத்தமான சாமான் வாங்கினாலும் அது வெறும் அலங்காரம்.

இராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் இன்றும் விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். பாறை கிழிக்கக்கூடாதே என்று அவர்களாகச் செய்துகொண்ட உறை அது. விரலுக்கு விரல் பொருந்துகிறது. அவர்கள் உடம்பை அளந்து ஒரு கையுறையும் காலுறையும் செய்துகொடுக்கும் கைத்தொழில் நம் ஊரில் ஏன் இருக்கக்கூடாது? தையற்காரர்களுக்குத் திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் இல்லை. முத்துக்குப் பத்துச் சல்லடை செய்யத் தெரிந்த கன்னார்களும் நம்மவர்கள்தானே.