ஆட்டு ரோமமே ஹீரோ... கையால் நகர்த்தி எடுத்த 'தேசி ஊன்' படம்! ஸ்டாப் மோஷன் எப்படி வேலை செய்கிறது?

நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வரிசை கட்டும். கிராமத்து செட்டில் மாட்டு வண்டி, உழவர், ஆடு மேய்ப்பவர் எல்லாரும் இருப்பார்கள். அந்த மேய்ப்பர் எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் ஸ்டாப் மோஷன் செய்து காட்டுகிறது.

ஸ்டாப் மோஷன்னா என்ன?

பொம்மையை வைத்து ஒரு போட்டோ. கையைக் கொஞ்சூண்டு நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படி எடுத்ததை வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நடப்பதுபோல் தெரியும். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரே போஸை இரண்டு ஃப்ரேமுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720 முறை பொம்மையைத் தொட வேண்டும். நடுவில் யாராவது மேஜையை இடித்தால், பெரும்பாலும் அந்த ஷாட் போச்சு!

கொலு பொம்மை இதற்குச் சரிப்படாது. கை, கால் மடங்காதே. அதனால் உள்ளே கம்பியால் எலும்புக்கூடு செய்து, மேலே களிமண், துணி, பஞ்சு என்று உடம்பு கட்டுவார்கள்.

பட்டாணியில் தொடங்கிய கதை

இந்தியாவில் இதன் தொடக்கமே ஒரு செடிதான். 'ராஜா ஹரிஷ்சந்திரா' (1913) எடுப்பதற்கு முன்பு, தாதாசாகேப் பால்கே தொட்டியில் பட்டாணி விதைத்து, அது வளர்வதை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். திரையில் ஓடியது ஒரு நிமிடம் சொச்சம்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவரை நம்பிப் பணம் கொடுக்க ஆள் கிடைத்தது.

அது என்ன 'தேசி ஊன்'?

மும்பையின் ஸ்டூடியோ ஈக்சாரஸ் எடுத்த குறும்படம். இயக்குநர் சுரேஷ் எரியாட். இவருடைய 'டோக்ரி' என்ற களிமண் ஸ்டாப் மோஷன் படம் ஏற்கெனவே தேசிய விருது வாங்கியது. 2025-ல் பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில், பிறர் கேட்டு எடுத்துத் தரும் படங்களுக்கான பிரிவில் 'தேசி ஊன்' ஜூரி விருது பெற்றது.

இந்தியில் 'ஊன்' என்றால் கம்பளி ரோமம். தமிழில் படித்தால் இறைச்சி! தற்செயல்தான். ஆனால் படத்தின் பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது. தக்காணப் பகுதியில் குடும்பம் குடும்பமாக ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒரு காலத்தில் ரோமமும் வருமானம். கத்தரித்து, நூற்று, முரட்டுக் கம்பளி நெய்தார்கள். மிருதுவான இறக்குமதிக் கம்பளியும் செயற்கை இழையும் வந்ததும், ரோமத்துக்குக் கிடைக்கும் விலை கத்தரிக்கும் கூலிக்கே போதவில்லை. பலர் அதை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். கறிக்காக ரோமம் குறைந்த ஆட்டு இனங்களுக்கும் மாறிவிட்டார்கள். ஆட்டுக்கு மதிப்பு ஊனுக்கு மட்டும்தான்!

இப்படி வீணாகும் தக்காண ரோமத்தையே எடுத்து, அதிலேயே பொம்மைகளைச் செய்து கதை சொன்னதுதான் இந்தப் படத்தின் விசேஷம். கம்ப்யூட்டர்லயே செஞ்சிருக்கலாமே என்று கேட்கலாம். ரோமத்தைத் தொட்டால் இழை கலையும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கைபட்ட தடம் நெளியும். 'கிங் காங்' (1933) படத்தில் குரங்கின் உடம்பு சிலிர்ப்பதுபோல் தெரிவது இதனால்தான். மற்ற இடங்களில் குறையாகத் தெரியும் இந்த நெளிவு, ரோமத்தைப் பற்றிய படத்தில் அழகாகவே பொருந்துகிறது.

விவசாயத்துக்கு இந்த பாணி புதிதல்ல. 2011-ல் அமெரிக்காவின் சிபோட்லே உணவக நிறுவனத்துக்காக ஜானி கெல்லி இயக்கிய 'பேக் டு தி ஸ்டார்ட்', குடும்பப் பண்ணையைத் தொழிற்சாலையாக்கிவிட்டு, மனம் மாறித் திரும்பும் விவசாயியின் கதை. உருக்கமான படம்தான், ஆனாலும் அது விளம்பரம் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில்?

நம்மிடமும் ரோம ஆடுகள் உண்டு. முரட்டு ரோமத்துக்குக் கோவை குறும்பை, மெல்லிய ரோமத்துக்கு நீலகிரி ஆடு. நீலகிரி இனத்துக்காக சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது.

வீட்டில் முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு: மொபைல், அசையாத ஸ்டாண்ட், ஒரு டேபிள் லைட் போதும். ஜன்னல் வெளிச்சம் மட்டும் வேண்டாம். வெயில் மாற மாற படமும் மினுக் மினுக் என்று மின்னும்.