தைராய்டு கண்நோயில் சிகிச்சைப் பலனை எம்.ஆர்.ஐ. கொண்டு முன்னறிதல்

உடலின் தற்காப்புச் சக்தி தன் திசுக்களையே பகையெனக் கொண்டு தாக்குவதனால், விழிக்கோளத்தைச் சுழற்றும் தசைகளும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் அழற்சியுற்றுப் பருத்துக் கண்ணை முன்தள்ளுவதே தைராய்டு கண்நோயாகும். பெரும்பாலும் இது தைராய்டு சுரப்பியைத் தாக்கும் கிரேவ்ஸ் வியாதியுடையோரைப் பற்றுவது. அழற்சி சில மாதங்கள் ஏறி உச்சமுற்றுப் பின் தணிந்து, முடிவில் தழும்பாய் நிலைத்துவிடும் இதன் போக்கை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ரண்டில் 1945இல் விவரித்தார். ஸ்டீராய்டும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அழற்சி மூண்டிருக்கும் பருவத்திலேதான் பலிக்கும். இறுகிப்போன தசையை அவை இளக்குவதில்லை.

ஆகையால் சிகிச்சைக்கு முன்னரே பருவத்தை நிச்சயித்தல் அவசியமாகிறது. வலி, சிவப்பு, வீக்கம் முதலிய ஏழு குறிகளில் மூன்றேனும் காணப்படின் நோய் மூண்டிருப்பதாகக் கொள்ளும் மதிப்பீட்டு முறை வழக்கில் உண்டெனினும், அது பெரிதும் புறத்தோற்றத்தையே நம்பியிருப்பது. இமை வெளுத்து அமைதியாயிருக்க, ஆழத்திலுள்ள தசை கனன்றுகொண்டிருத்தலும் உண்டு. சி.டி. ஸ்கேனோ தசையின் பருமனைச் செவ்வனே காட்டுமேயன்றி, அப்பருமன் நீரால் நேர்ந்ததா நாரால் நேர்ந்ததா என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

எம்.ஆர்.ஐ.யின் விசேஷம் இங்கேதான். காந்தப் புலத்தில் ரேடியோ அலையால் கிளர்ச்சியுற்ற ஹைட்ரஜன் அணுக்கருக்களின் குறிப்பலை தேய்ந்து மறைய எடுக்கும் டி2 காலம், நீர் கோத்த தசையில் நீண்டும், நாராகிய தசையில் குறுகியும் இருக்கும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் ஸ்டிர் என்னும் படத்தில், நீர் கோத்த தசை வெண்மையாய்த் துலங்கும். அதன் ஒளியை அருகிலுள்ள நெற்றிப்பொட்டுத் தசையின் ஒளியால் வகுத்து விகிதம் காண்பர். கீழ்நேர்த்தசையும் உள்நேர்த்தசையுமே சாதாரணமாக அதிகம் பாதிக்கப்படுவதால், இவற்றை முதலில் நோக்குவது முறை. டி2 காலமோ இவ்விகிதமோ உயர்ந்திருப்பின், வாரந்தோறும் இரத்த நாளத்திற் செலுத்தி, 12 வாரங்களில் மொத்தம் 4.5 கிராம் வரையில் தரப்படும் மெதில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டுக்கு நோய் இணங்குமென எதிர்பார்க்க இடமுண்டு.

எனினும் இதை ஜோதிடமாகக் கொள்ளலாகாது. எல்லைமதிப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கண் சற்றே அசைந்தாலும் அளவு பிழைபடும். புகைபிடிப்போரிடம் மருந்தின் பலனே குன்றும். மேலும், இக்கணக்கெல்லாம் பெரும்பாலும் ஸ்டீராய்டு அனுபவத்தில் விளைந்தது. அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்னும் மருந்து, அழற்சி ஓய்ந்த பழைய நோயிலும் கண் பிதுக்கத்தைக் குறைப்பதாகக் கண்டமையால், நீரைத் தேடும் அளவை அம்மருந்துக்கும் அப்படியே பொருந்துமெனக் கொள்வதற்கில்லை.