கடற்கரையில் கண்ட அன்னை

மலையுச்சியிலும் ஆற்றங்கரையிலும் கோயில் எழுப்பிய தமிழர், நிலம் முடிந்து நீர் தொடங்கும் எல்லையையும் அன்னைக்கு உரிய இடமாகக் கொண்டனர். முப்புறமும் அலைவீசும் குமரிமுனையில் கன்னித் தெய்வமாக நின்று தவம்புரியும் பகவதி அம்மனின் சந்நிதி இதற்குத் தலையாய சான்றாகும். அங்கு நிகழ்ந்துவரும் வழிபாட்டின் வரலாறு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பழமையுடையது. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கடலின் அழகில் அன்னையைக் கண்ட முன்னோர், அதன் சீற்றத்திலும் அவளையே கண்டனர்.

கிரேக்க மாலுமியின் குறிப்பு

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்து நாட்டிலிருந்து கடல் வாணிகம் செய்த கிரேக்க மொழியினர் ஒருவர் ‘எரித்திரேயக் கடல் செலவு’ என்னும் நூலை எழுதினார். ‘பெரிப்ளூஸ்’ என்று அறிஞர்கள் குறிப்பிடும் அந்நூலை எழுதியவர் பெயர் தெரியவில்லை. துறைமுகங்களையும் அவற்றில் ஏற்றி இறக்கப்படும் சரக்குகளையும் வரிசைப்படுத்திச் செல்லும் அந்த வணிகர், ‘கொமர்’ என்னும் இடத்திற்கு வந்ததும் சற்றே நின்றுவிடுகிறார். எஞ்சிய வாழ்நாளைப் புனிதமாகக் கழிக்க விரும்பும் ஆடவர் அங்கு வந்து நீராடி, மணவாழ்வைத் துறந்து தங்குகின்றனர் என்றும், பெண்டிரும் அவ்வாறே செய்கின்றனர் என்றும் எழுதுகிறார். முன்னொரு காலத்தில் ஒரு பெண் தெய்வம் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்லப்படுவதே அதற்குக் காரணம் என்பது அவர் தரும் விளக்கம்.

மிளகும் முத்தும் தேடி வந்த அயல்நாட்டு வணிகர் ஒருவரின் கண்ணுக்கும் அன்னையின் நீர்த்துறை தப்பவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும் தம் நிலநூலில் குமரிமுனையைக் குறித்திருக்கிறார்.

சங்கத் தமிழில் குமரி

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தையும் தென் எல்லையாகக் குமரியையும் கூறுகிறது. புறநானூற்றில் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் காரிகிழார், குமரியை அச்சம் விளைவிக்கும் தன்மையுடையதாகக் குறிப்பிடுகிறார். எல்லை கூற வந்த புலவர் அச்சத்தையும் சேர்த்துச் சொன்னது எண்ணத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் வழிபாட்டைக் காட்டுகிறது. அவர்கள் சினைப்பட்ட சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் வலிமை மிக்க அணங்கை நிலைபெறச் செய்து வணங்கினர். முழுமதி நாளில் மீன்பிடிக்கச் செல்லாமல் உண்டு ஆடி மகிழ்ந்தனர். நெய்தல் நிலத்திற்கு வருணனைத் தெய்வமாகத் தொல்காப்பியம் வகுத்திருந்தும், கடலில் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்த மக்கள், கருவுற்ற உயிரின் கொம்பில் தங்கள் தெய்வத்தைக் கண்டனர். ‘அணங்கு’ என்னும் சொல் தெய்வத்தையும் குறிக்கும்; அத்தெய்வம் தரும் வருத்தத்தையும் அச்சத்தையும் குறிக்கும். ஈன்று காப்பவளே வருத்தவும் வல்லவள் என்னும் தெளிவு அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் சாலி என்னும் பெண் வருகிறாள். வாரணாசியைச் சேர்ந்த அந்தணரின் மனைவியாகிய அவள், தான் செய்த பிழைக்குக் கழுவாய் தேடிக் குமரியில் நீராடப் புறப்பட்டாள். வழியில் ஓர் ஆண்மகவை ஈன்று, அங்கேயே விட்டுச் சென்றாள். அக்குழந்தையே பின்னாளில் அமுதசுரபி பெற்றுப் பசிப்பிணி தீர்த்த ஆபுத்திரன். கங்கைக்கரையில் வாழ்ந்த பெண்ணும் தன் துயரை இறக்கிவைக்கக் குமரித்துறையை நாடி வந்தாள் என்பதிலிருந்து அத்துறையின் புகழ் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பது விளங்கும்.

தவக்கோலம்

பாணாசுரன் கன்னியின் கையால் அன்றி வேறெவராலும் இறவாத வரம் பெற்றிருந்தான் என்பது தலபுராணம். கன்னியாக அவதரித்த அன்னையை மணக்கச் சுசீந்திரத்துப் பெருமான் நள்ளிரவில் புறப்பட்டார். நாரதர் சேவலாகிக் கூவவே, பொழுது புலர்ந்துவிட்டது என்று எண்ணி அவர் திரும்பினார். திருமணம் நின்றது. விருந்துக்குக் குவித்த அரிசி மணலாயிற்று என்று கூறி, கரையில் கிடக்கும் பலநிற மணலை இன்றும் அடியார்கள் காட்டுவர். அன்னை கன்னியாகவே நின்று அசுரனை அழித்தாள்.

கையில் செபமாலை ஏந்தி நிற்கும் அன்னையின் திருக்கோலம் காத்திருத்தலின் திருக்கோலமாகும். அவளது மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கமென மயங்கிக் கப்பல்கள் பாறையில் மோதின என்பது செவிவழிச் செய்தி. கடலை நோக்கிய கிழக்கு வாயில் ஆண்டில் சில விசேட நாட்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. ஏனைய நாட்களில் அடியார்கள் வடக்கு வாயில் வழியாகவே உள்ளே செல்கின்றனர்.

கரையை அடுத்துள்ள பாறையில் அன்னை ஒற்றைக்காலில் தவம் இயற்றியதாக நம்பப்படுகிறது. அவளது திருவடிச் சுவடு பதிந்ததால் அது ஸ்ரீபாதப் பாறை எனப் பெயர்பெற்றது. 1892ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் அப்பாறையை அடைந்த சுவாமி விவேகானந்தர், அங்கே தியானத்தில் அமர்ந்தார். பாரத நாடெங்கும் நடந்து, ஏழைகளின் துயரைக் கண்டு நெஞ்சம் கனத்து வந்த துறவிக்குத் தம் வாழ்க்கைப் பணி இன்னதென்று தெளிந்தது அவ்விடத்தில்தான். 1970ஆம் ஆண்டு அங்கே அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது.

கடல் கடந்த காவல்

கரையில் நின்று தவம்புரிபவள் குமரி அன்னை. நடுக்கடலில் காப்பவள் மணிமேகலா தெய்வம். கோவலனின் முன்னோர் ஒருவர் மரக்கலம் உடைந்து தவித்தபோது அத்தெய்வம் அவரைக் காத்தது. அந்நன்றியை மறவாத கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பாலி மொழியில் உள்ள மகாசனக சாதகக் கதையில், சுவர்ணபூமி நோக்கிச் சென்ற கப்பல் மூழ்க, இளவரசன் கரை காணாமலே ஏழு நாட்கள் நீந்துகிறான். முயற்சியைக் கைவிடாத அவனை இதே தெய்வம் ஏந்திச் சென்று கரைசேர்க்கிறது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் ‘மேகலா’ என்னும் பெயரில் அவள் நாட்டியங்களில் இன்றும் தோன்றுகிறாள். மாலுமிகளின் மனத்தில் ஏறி அன்னையும் கடல் கடந்தாள் என்பது இதனால் தெளிவாகும்.

குமரி அம்மன் கோயிலில் சோழர் குலவரிசையை விரிவாகக் கூறும் கல்வெட்டொன்று உள்ளது. அதனைப் பொறித்தவன் பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திரன். அவனது கடற்படை கடாரத்தை வென்றதாக அவனுடைய மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதியாகும்.

வேந்தர் படையெடுத்து வந்த அதே கடல்வழியே பின்னாளில் எளிய மக்களும் வந்தனர். 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால், 1827ஆம் ஆண்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. பினாங்கு குயின் வீதியில் உள்ள மகாமாரியம்மன் ஆலயத்தின் வரலாறு 1833ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களில், மீண்டும் தாயகம் காண்போமா என்று அறியாத மக்கள் கட்டிய கோயில்கள். 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். பினாங்குத் தெலுக் பஹாங்கில் மாசிமகத்தன்று சிங்கமுகக் காளியம்மன் மிதக்கும் தேரில் கடலில் உலா வருவது இம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

சீற்றமும் கருணையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. குமரி மாவட்டத்தில் குளச்சல், மணக்குடி முதலிய மீனவர் ஊர்கள் பெருந்துயருக்கு ஆளாயின. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்குக் கடற்கரைகளில் மாண்டவர்கள். கடலை அன்னை என்று அழைத்த வாய்கள் அன்று ஓலமிட்டன. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கடல் கருணைமிக்கது என்று எவரும் சொல்லத் துணியார். அவ்வினாவுக்கு எளிய விடை எதுவும் இல்லை. ஆயினும் சில நாட்களிலோ சில மாதங்களிலோ மீனவர்கள் மீண்டும் படகு இறக்கினர். கரையில் நின்று கைகூப்பிய பின்னரே இறக்கினர். சுறாக்கொம்பை நட்டு வணங்கிய பரதவரும் அவ்வாறே அஞ்சியும் அன்புகொண்டும் கடலில் இறங்கியவர்கள்தாம்.

குமரித்துறையில் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மக்கள் இன்றும் நீராடி முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்கின்றனர். கிரேக்க வணிகர் கண்ட காட்சியும் ஏறத்தாழ இதுவே. அரசுகள் மாறின, கப்பல்கள் மாறின, நீரில் இறங்கி நின்று வணங்கும் மனிதன் மாறவில்லை. திருவிழாக் காலத்தில் கடலுக்குச் செல்லும் அடியார்கள் மாலைகளையும் நெகிழிப் பைகளையும் அலையில் எறிந்துவிட்டு விரைந்து திரும்பாமல், சிறிது நேரம் மணலில் வாய்பேசாது அமர்ந்திருப்பார்களாயின், அதுவே அன்னைக்கு உகந்த அருச்சனையாகும். மனிதனின் ஆற்றல் முடியும் எல்லையைக் கடல் காட்டும். அவ்வெல்லையில் செபமாலை ஏந்திக் காத்துநிற்கும் குமரி அன்னை, கரையில் இருப்போரையும் கடல் கடந்து வாழ்வோரையும் காத்தருள்வாளாக!