ஏழடி ஓடங்களின் கதை

இங்கிலாந்தின் நடுநாட்டிலே, ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்து வடக்கு நோக்கி வளைந்து வளைந்து செல்லும் கால்வாய் ஒன்று உண்டு. ஒக்டோபர் மாதத்தில் அதன் கரையோர மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு இலைகளைச் சொரியத் தொடங்கும். காலையில் நீரின்மேல் மூடுபனி தவழும். அப்பனியை விலக்கிக்கொண்டு, நீண்டு ஒடுங்கிய ஓடம் ஒன்று மனிதன் நடக்கும் வேகத்திலே வரும். உள்ளே எரியும் அடுப்பின் புகை, கூரைமேலுள்ள சிறு குழாய் வழியே எழும். உதிர்ந்த இலைகள் நீருள் சுழலும் விசிறியிற் சிக்கும்போது, ஓட்டுபவர் அதனைச் சற்றுப் பின்னோக்கிச் சுழலவிட்டு அவற்றை உதறிவிடுவார். பொழுது விரைவிற் சாய்ந்துவிடுமாதலால் வெளிச்சம் இருக்கும்போதே ஓடத்தைக் கரையிற் கட்டிவிடுவார். நவம்பர் பிறந்தாற் கால்வாய்களின் பல பகுதிகள் திருத்த வேலைக்காக மூடப்படும். அதற்குமுன் எஞ்சியிருக்கும் அமைதியான சில வாரங்களையே உலாவுக்கு விரும்பித் தேர்ந்துகொள்வோர் பலர்.

இன்று பொழுதுபோக்குக்கு உரியதாய் விளங்கும் இந்நீர்வழி, பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு வீதிகள் சேறும் குழியுமாய்க் கிடந்தன. பொதிகுதிரை ஒன்று சுமக்கக்கூடியது ஏறத்தாழ இரண்டு அந்தர் நிறையே. பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்கு வேர்ஸ்லி என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அருகிலிருந்த மான்செஸ்டர் நகருக்கு அக்கரியைக் கொண்டுசெல்லும் செலவோ பெரிது. எனவே ஜேம்ஸ் பிரின்ட்லி என்பவரைக் கொண்டு அவர் ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1761ஆம் ஆண்டில், ஏர்வெல் ஆற்றைக் கடக்கும் கற்பாலத்தின்மீது நீர் நிறைந்து, அதன்மேல் ஓடம் சென்றது. ஆற்றின் மேலே மற்றோர் ஆறு ஓடுவதுபோன்ற அக்காட்சியைக் காண மக்கள் திரண்டனர். கால்வாயின் வரவால் மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்தது.

பிரின்ட்லி எழுதப்படிக்க அதிகம் அறியாதவர். கணக்குகளை மனத்திலேயே தீர்ப்பவர். மேட்டைக் கண்டால் அதனைச் சுற்றிக்கொண்டு, ஒரே மட்டத்திற் கால்வாயைக் கொண்டுசெல்வது அவருடைய முறை. ஒக்ஸ்போர்ட் கால்வாய் பாம்புபோல் வளைந்து செல்வதற்குக் காரணம் இதுவே. சுற்ற முடியாத மேட்டில் ஓடத்தை ஏற்றுவதற்கு, இரு புறமும் கதவிட்ட நீர்த்தொட்டிகள் கட்டப்பட்டன. இவற்றை 'லொக்' என்பர். ஓடம் உள்ளே வந்ததும் கதவை மூடி மேல்மட்டத்து நீரைத் திறந்துவிட்டால், நீர் உயர ஓடமும் உயரும்.

பீங்கான் தொழிலுக்குப் புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட், தமது பாண்டங்கள் குண்டுங்குழியுமான வீதிகளில் உடைவதைக் கண்டு, திரென்ட் ஆற்றையும் மேர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்கு முன்னின்றார். 1766இல் தொடங்கிய அவ்வேலை, பிரின்ட்லி இறந்து ஐந்தாண்டுகளின் பின், 1777இல் முற்றுப்பெற்றது. செலவையும் நீரையும் மிச்சப்படுத்தும் பொருட்டு அங்கே லொக்குகள் ஏழடி அகலத்தில் அமைக்கப்பட்டன. அந்த அளவே நடுநாட்டுக் கால்வாய்கள் பலவற்றுக்கும் விதியாயிற்று. எழுபதடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட ஓடங்கள் பிறந்தன. கரையில் நடக்கும் ஒரே குதிரை இருபத்தைந்து தொன் பாரத்தை நீரிலே இழுத்துச் சென்றது. நடைபாதையில்லாத சுரங்க வழிகளிலோ மனிதர் ஓடத்தின்மேல் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து அதனை நகர்த்தினர்.

கைத்தொழிற் புரட்சியின் நாளங்களாக விளங்கிய இக்கால்வாய்களுக்கு நெடுங்காலம் போட்டி இருக்கவில்லை. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்குமிடையே புகையிரதம் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. ஒரு காலத்திற் சிக்கனமாய்த் தோன்றிய ஏழடி, இப்பொழுது கால்விலங்காயிற்று. பெரிய ஓடம் அதில் நுழைய முடியாது. சிறிய ஓடமோ புகையிரதத்துக்கு ஈடாகாது. கூலி குறைந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத ஓடக்காரர் பலர், மனைவி மக்களையும் ஓடத்திலேயே குடியேற்றினர். பத்தடி நீளமுள்ள சிற்றறையே வீடு. அதுவே சமையலறை, படுக்கையறை, பிள்ளைபெறும் இடம். அவ்வறையின் கதவுகளிலும் நீர்க்குடங்களிலும் ரோசா மலர்களையும் கோட்டைகளையும் தீட்டி அதனை அழகுசெய்தனர்.

ஓடிக்கொண்டேயிருந்த இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனியாயிருந்தது. ஜோர்ஜ் சிமித் என்பவரின் இடைவிடாத முயற்சியால் 1877இலும் 1884இலும் பாராளுமன்றம் சட்டங்கள் இயற்றி, ஓடங்களைப் பதிவு செய்யவும் அவற்றில் வாழ்வோர் தொகையை வரையறுக்கவும் பிள்ளைகளின் கல்வியைக் கவனிக்கவும் வழிவகுத்தது. ஆயினும் ஓரிடத்தில் தங்காத பிள்ளைக்கு ஓரிடத்திலுள்ள பள்ளியாற் பயன் சிறிதே.

1939 ஜூலையில் எல். ரி. சி. ரோல்ட் என்ற பொறியியலாளர், தம் மனைவியுடன் 'கிரெசி' என்னும் பழைய ஓடத்தில் ஒக்ஸ்போர்ட் கால்வாய்க் கரையிலுள்ள பான்பரியிலிருந்து புறப்பட்டார். சில வாரங்களிற் போர் மூண்டது. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944இன் இறுதியில் வெளிவந்து, மக்கள் மறந்திருந்த கால்வாய்களை நினைவூட்டியது. அதனைப் படித்த ரொபர்ட் எய்க்மன் என்னும் எழுத்தாளர் ரோல்டைத் தேடிவந்து சந்தித்தார். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் உருவாயிற்று.

ஆனால் நண்பர் இருவரின் நோக்கமும் ஒன்றாயிருக்கவில்லை. எல்லாக் கால்வாய்களையும் ஒன்றுவிடாமற் காக்கவேண்டும் என்றார் எய்க்மன். கால்வாயில் உழைத்து வாழும் மக்களையும் அவர்தம் தொழிலையும் முதலிற் காக்கவேண்டும் என்பது ரோல்டின் உள்ளக்கிடக்கை. பிணக்கு முற்றி, 1951இல் ரோல்ட் தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார்.

காலம் இருவருக்கும் விடை கூறியது. 1948இல் கால்வாய்களுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. 1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய கடுங்குளிரில் நீர்வழிகள் வாரக்கணக்கில் உறைந்து, ஓடங்கள் பனிக்கட்டியிற் சிறைப்பட்டன. காத்திருந்த சரக்குகள் லொறிகளுக்கு மாறின. அடுத்த ஆண்டிலேயே அரச நிறுவனம் தன் சரக்கோடங்களிற் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. அதன்பின்னும் அதர்ஸ்டனில் நிலக்கரி ஏற்றி, இலண்டனின் மேற்கே சவுதோலிலிருந்த ஜாம் தொழிற்சாலைக்குச் சில ஓடங்கள் சென்றுவந்தன. 1970 ஒக்டோபரில், இலைகள் உதிரும் அதே பருவத்தில், அவ்வோட்டமும் முடிவுற்றது. குடும்பங்கள் கரையேறி, அசையாத வீடுகளிற் குடிபுகுந்தன.

கால்வாய்களோ அழியவில்லை. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் ஆயிரம் மைலுக்கு மேற்பட்டவற்றை உலாவுக்குரிய நீர்வழிகளெனப் பேணச் செய்தது. தூர்ந்துபோன கால்வாய்கள் பலவற்றைத் தொண்டர்கள் சேற்றில் இறங்கித் தோண்டி மீட்டனர். 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் நீர்வழியை ஓர் அறநிலையம் பராமரித்து வருகிறது. எய்க்மனின் கனவு பெரும்பாலும் பலித்தது. ரோல்ட் காக்க விரும்பிய வாழ்வு பலிக்கவில்லை. புகையிரதத்தின் முன் தோற்றுப்போன அந்த மெல்லிய நடையே, அவசர உலகிலிருந்து சில நாள் விலக விரும்புவோரை இன்று அங்கே அழைக்கிறது. ஆனால் மெல்லச் செல்வதென்பது உலாவருவோருக்கு ஓய்வு. அன்றைய ஓடக்காரருக்கோ அது கூலியின் அளவு.

இலையுதிர்காலத்தில் அவ்வழியே செல்பவர், பழைய பாலங்களின் விளிம்பை உற்று நோக்கினால், அங்கே ஆழமான வரிகளைக் காண்பார். நூற்றாண்டுக்கு மேலாகக் குதிரைகள் இழுத்த கயிறுகள், கல்லையும் இரும்பையும் அறுத்துப் பதித்த தழும்புகள் அவை. பெயர் எழுதிவைக்கத் தெரியாத அம்மக்கள் விட்டுச் சென்ற கையெழுத்து அதுவே.