அந்தரத்தில் நிற்பதா, நேராகப் பறப்பதா?

ரிமோட் விமானம் ஒன்று மூக்கை மேலே தூக்கியபடி அந்தரத்தில் அப்படியே நிற்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "இதுதாங்க உச்சம். பழைய ஆளுங்க சும்மா வட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றார் நண்பர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்ததும் எண்ணம் மாறிவிட்டது.

1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் முதல் உலகப் போட்டி. வென்றவர் அமெரிக்காவின் எட் காஸ்மிர்ஸ்கி. அந்தக் காலத்து 'ரீட்' ரேடியோவில் லீவரைத் தட்டினால் எலிவேட்டர் முழுசாகத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வந்துவிடும். பாதி என்ற பேச்சே கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால் 0, 1 மட்டும்தான். அதை வைத்துத் தட்டித் தட்டியே லூப்பை வட்டமாக வரைந்தார்கள்!

அறுபதுகளில் ப்ரொபோர்ஷனல் ரேடியோ வந்தது. குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ, அவ்வளவு மட்டுமே எலிவேட்டரும் நகரும். கை பழகியதும் வேகம் கூடியது. எழுபதுகளின் ஸ்டைலே வேகம்தான்: 10 சிசி எஞ்சின், உள்ளே மடங்கும் சக்கரம். ஆஸ்திரியாவின் ஹான்னோ பிரெட்னர் 1977-இல் உலக சாம்பியன் ஆன 'குராரே' இதற்கு நல்ல உதாரணம். ஒரு வித்தை காட்டிவிட்டுத் தூரமாகப் போய்த் திரும்பி வந்துதான் அடுத்தது. இதற்கு நிறைய வானம் வேண்டும். சத்தமோ காதைக் கிழிக்கும்.

எண்பதுகளின் நடுவில் விதி மாறியது. திரும்புவதும் மதிப்பெண் உள்ள வித்தை ஆனது. விமானிக்கு 150 மீட்டர் முன்னால், இருபக்கமும் 60 டிகிரிக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். சத்தக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பரவின. வேகம் போய், சீரான நடை வந்தது.

நண்பர் ரசித்த '3டி' தொண்ணூறுகளில் பரவியது. எடையைவிட இழுவிசை அதிகம். எலிவேட்டரும் ரடரும் ரொம்பப் பெரிசு. இறக்கை ஸ்டால் ஆனாலும், புரொப்பெல்லர் தள்ளும் காற்று வாலில் அடிப்பதால் கட்டுப்பாடு கையில் இருக்கும். அதாவது, இறக்கை கைவிட்ட இடத்தில் எஞ்சின் தாங்குகிறது.

சரி, எது கஷ்டம்? சிமுலேட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். தடுமாறித் தடுமாறி அந்தரத்தில் சில நொடி நிறுத்திவிட்டேன். உயரம் மாறாமல் ஒரே ஒரு ஸ்லோ ரோல்? விமானம் பக்கவாட்டில் சாயும்போது ரடர் தாங்க வேண்டும், தலைகீழானதும் எலிவேட்டரைக் கீழே தள்ள வேண்டும், மறுபக்கம் சாய்ந்ததும் ரடரை மாற்றிப் பிடிக்க வேண்டும். இன்னும் எனக்கு வரவில்லை. காஸ்மிர்ஸ்கி காலத்தில் இதையும் 0, 1 வைத்துத்தான் செய்தாக வேண்டும். 'சும்மா வட்டம்' என்று இனி நான் சொல்ல மாட்டேன்.